வயதானாலும் உடம்பு மறப்பதில்லை: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. சிறுவனாக இருந்தபோது தட்டம்மை வந்ததாம். அந்த எதிர்ப்புச் சக்தி இன்னுமா இருக்கும்?

இருக்கும். வட அட்லாண்டிக் கடலில் உள்ள பரோ தீவுகளில் 1846-ல் தட்டம்மை பரவியபோது, சுமார் 7,800 பேரில் 6,000 பேர் படுத்த படுக்கையானார்கள். அதற்கு முன் அங்கே தட்டம்மை வந்தது 1781-ல். அப்போது நோய் கண்டு பிழைத்த முதியவர்களில் ஒருவரைக்கூட அது மறுபடி தொடவில்லை என்று பீட்டர் பானும் (Panum) என்ற டென்மார்க் மருத்துவர் எழுதியிருக்கிறார். இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அந்த வைரஸ் தீவுப்பக்கமே எட்டிப்பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1918 ஃப்ளூ பரவுவதற்கு முன்பே பிறந்திருந்தவர்களை 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று சோதித்தது. 91 முதல் 101 வயது வரையான அந்த 32 பேரிடமும் அந்தப் பழைய வைரஸை முடக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் இருந்தது. எலும்பு மஜ்ஜையில் தங்கிவிட்ட பிளாஸ்மா செல்கள் ஆன்டிபாடியை ஓயாமல் சுரக்கின்றன. நினைவு பி செல்களோ, வைரஸ் திரும்பி வந்தால் பெருகத் தயாராகக் காத்திருக்கின்றன.

கேள்வி: அப்படியானால் புதிய வைரஸ் வந்தால் முதியவர்கள்தானே அதிகம் அவதிப்படுகிறார்கள்?

பழையதை நினைவில் வைப்பது வேறு, புதிதாகக் கற்பது வேறு. முதுமையில் அடிவாங்குவது இரண்டாவதுதான். மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் புது டி செல்கள் (கிருமியை அடையாளம் கண்டு எதிர்க்கும் வெள்ளை அணுக்கள்) பக்குவப்படுகின்றன. இளம் வயதிலிருந்தே அது சுருங்கிக் கொழுப்பாக மாறத் தொடங்கிவிடுகிறது. எழுபதைத் தாண்டும்போது, இதுவரை பார்க்காத கிருமியை அடையாளம் காணும் செல்கள் குறைந்துபோகின்றன.

கேள்வி: கொரோனா வந்துபோன பிறகு ஆன்டிபாடி அளவு இறங்கிக்கொண்டே வருகிறது. பாதுகாப்பு போய்விட்டதா?

இல்லை. தொற்று அடங்கியதும் அளவு இறங்குவது இயல்பு. 2003 சார்ஸ் நோயிலிருந்து மீண்டவர்களிடம் 17 ஆண்டுகள் கழித்தும் டி செல் நினைவு இருந்தது. ஆனால் நினைவு செல்கள் விழித்துப் பெருகச் சில நாட்களாவது வேண்டும். தட்டம்மை வெளிப்பட 10 நாள் பிடிக்கும், அதற்குள் அவை தயாராகிவிடும். ஃப்ளூவும் கொரோனாவும் அவ்வளவு அவகாசம் தருவதில்லை. அதனால் காய்ச்சல் வரலாம், நோய் முற்றும் வாய்ப்பு குறையும். அப்புறம், இந்த வைரஸ்கள் உருவத்தையும் மாற்றிக்கொள்கின்றன. ஆன்டிபாடி ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை வைத்து பூஸ்டர் எனும் கூடுதல் தவணை ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: சின்னம்மை வந்தவருக்கு அக்கி தடுப்பூசி எதற்கு?

சின்னம்மை வைரஸ் உடம்பை விட்டுப் போவதே இல்லை. நரம்பு வேர்களில் பதுங்கிக் கிடக்கும். அதை அடக்கிவைப்பது டி செல்கள். வயதில் அவை தளரும்போது அதுவே அக்கியாகக் கிளம்புகிறது. கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரிச்சல் நீடிக்கலாம். உயிருள்ள வைரஸ் இல்லாத புதிய தடுப்பூசி, இரண்டு தவணை போட்டால், 70 வயதைக் கடந்தவர்களிடமும் 90 சதவீத அளவுக்கு அக்கியைத் தடுத்ததாகச் சோதனைகள் காட்டின. என்னைக் கேட்டால், 50 வயதானவர்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டிய ஊசி இதுதான்.

கேள்வி: நோய் எதிர்ப்பு நினைவைக் கூட்ட மாத்திரை உண்டா?

கிடையாது. ஆனால் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே, சாதாரண ஊசியைவிட நான்கு மடங்கு ஆன்டிஜென் (உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும் வைரஸ் கூறு) கொண்ட ஃப்ளூ ஊசி இருக்கிறது, கிடைத்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.