ஆசிரியர் பதில்கள்: எட்டுத் தோல்விக்காரர்

கேள்வி: போன இதழில் பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டைக்காரர் பக்கியாவைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். எட்டு முறை தோற்றவருக்கு எதற்கு இவ்வளவு பில்டப்? அமெரிக்காவின் மேவெதர் 50 சண்டை, 50 வெற்றி. தோற்காதவன்தானே சாம்பியன்? என் தம்பி மகனுக்கு 16 வயது. முதல் போட்டியிலேயே புள்ளிக் கணக்கில் தோற்றுவிட்டு வந்து நின்றான். கையுறையைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டேன். மேவெதர் மாதிரி வர முடிந்தால் ஆடு, இல்லையென்றால் புத்தகத்தை எடு என்று சொல்லிவிட்டேன். நான் செய்தது சரிதானே?
(பெயர் வேண்டாம் என்கிறார், சுங்கை சிப்புட்)

பதில்: சரியில்லை. "சரிதானே?" என்று நீங்கள் கேட்ட தோரணையிலேயே உங்களுக்கும் உள்ளூர உறுத்தல் இருப்பது தெரிகிறது.

முதலில் உங்கள் மேவெதர் கணக்கைப் பார்ப்போம். அந்த 50 என்பது தொழில்முறைச் சண்டைகள் மட்டும். அதற்கு முன், 1996 அட்லாண்டா ஒலிம்பிக் அரையிறுதியில், பல்கேரியாவின் செராஃபிம் தொடரோவிடம் 10-9 என்று ஒரே புள்ளியில் தோற்றவர் அவர். தீர்ப்பு அநியாயம் என்று அமெரிக்கத் தரப்பு முறையிட்டுப் பார்த்தது, எடுபடவில்லை. வெண்கலத்தோடு வீடு திரும்பினார். அமெச்சூர் போட்டி, புள்ளிக் கணக்கில் தோல்வி. எங்கோ கேட்ட மாதிரி இல்லையா? அப்பா குத்துச்சண்டைக்காரர், சித்தப்பாக்கள் இரண்டு பேரும் அதே தொழில். அந்த வீட்டில் பூட்டு வைத்த அலமாரி இல்லை போலிருக்கிறது.

50வது வெற்றி யார்மீது என்றும் பையனிடம் சொல்லிவிடுங்கள். 2017இல், அதுவரை தொழில்முறைக் குத்துச்சண்டை மேடையே ஏறாத கானர் மெக்ரெகர் மீது. இதனால் மேவெதர் மட்டமாகிவிட மாட்டார். அடி படாமல் ஆடுவதில் அவர் பெரிய வித்தைக்காரர். 2015 மே 2 அன்று லாஸ் வேகாஸில் பக்கியாவையும் அப்படித்தான் நெருங்க விடாமல் ஆடி வென்றார். அன்றைக்கு அவர் ஜெயித்ததில் எனக்கு ஒரு முணுமுணுப்பும் கிடையாது.

ஆனால் நீங்கள் கேட்டது யார் கெட்டிக்காரர் என்றல்ல, தோற்றவன் சாம்பியனா என்று. அதற்குப் பக்கியாவின் தோல்விகளைத்தான் படிக்க வேண்டும்.

ரப்பர் தோட்டத்தில் ஒட்டுப்பாலை, அதாவது உறைந்த பாலை, எடை போட்ட காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மூட்டைக்கு நடுவில் கல்லை வைத்துக் கட்டி, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். தோட்டத்துக் கணக்கர், கிராணி, கையை உள்ளே விட்டுத் துழாவுவார். (எங்கள் லயத்தில் இதைச் செய்தவர் யார் என்று சொல்ல மாட்டேன். அவருடைய பேரன் இந்த இதழின் சந்தாதாரர்.) பக்கியாவ் 1995இல் தொழிலுக்கு வந்தபோது வயது 16, ஒட்டிய வயிறு. எடை போதாது என்று ஒதுக்கிவிடப் போகிறார்களே என்று பையில் கனத்தைப் போட்டுக்கொண்டு தராசில் ஏறியதாக அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், மறு வருஷம் முதல் தோல்வி வந்தது எடை கூடியதால். அளவுக்கு மேல் இருந்ததற்குத் தண்டனையாக எதிராளியைவிடக் கனமான கையுறையை மாட்டிவிட்டார்கள். மூன்றாவது சுற்றில் ரஸ்டிகோ டொர்ரெகாம்போ அவரைச் சாய்த்தார்.

1998இல் தாய்லாந்துக்குப் போய் சட்சாய் சசகுலை வீழ்த்தி 112 பவுண்டுப் பட்டத்தை வாங்கினார். அடுத்த வருஷமே மறுபடியும் தராசு கைவிட்டது. எடைக்கு இறங்க முடியாமல் பட்டம் போனது, ஆட்டத்திலும் மூன்றாவது சுற்றில் விழுந்தார். அன்றைக்கு ஒரு பெரியப்பா வந்து கையுறையைப் பூட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பக்கியாவ் எடைப் பிரிவை மாற்றிக்கொண்டு மேலே போனார். 2001இல் இரண்டே வார அவகாசத்தில், இன்னொருவருக்குப் பதிலாகப் போய் நின்று லெலோ லெட்வாபாவின் 122 பவுண்டுப் பட்டத்தைப் பறித்தார். 2010க்குள் எட்டு எடைப் பிரிவுகளில் சாம்பியன். வேறு எவருக்கும் அது வாய்க்கவில்லை.

2005இல் எரிக் மொராலெஸிடம் தோற்றார், 2006இல் அதே ஆளை இரண்டு முறை வீழ்த்தினார். 2012 டிசம்பரில் மெக்சிகோவின் மார்க்கெஸ் விட்ட ஒரே குத்தில் முகங்குப்புற விழுந்து அசைவற்றுக் கிடந்தார். 2017இல் பிரிஸ்பேனில் ஜெஃப் ஹார்னிடம் புள்ளியில் தோற்றபோது, கிழவர் கதை முடிந்தது என்று நம் ஊர்க் கடைகளிலும் பேசினோம். நானும் பேசினேன்.

மறு வருஷம் ஜூலை 15, ஞாயிற்றுக்கிழமை, கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கம். எதிரே அர்ஜென்டினாவின் லூக்காஸ் மத்திஸ். இங்கே சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் ஆறிப்போனது தெரியாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றில் மத்திஸ் விழுந்தார், ஐந்தில் முட்டி போட்டார். ஏழாவதில் தாடைக்குக் கீழிருந்து ஏறிய இடது கை. மத்திஸ் மறுபடியும் முட்டி போட்டு, பல்லுறையைத் துப்பிவிட்டார். எழுந்து ஆடும் எண்ணம் இல்லாதவன்தான் அதைத் துப்புவான். 2009க்குப் பிறகு பக்கியாவ் ஒருவரை முழு ஆட்டம் முடியுமுன் நிறுத்தியது அன்றுதான், 39 வயதில்.

சரி, தோற்றுக்கொண்டே ஆடு என்று பையனைத் தட்டிக்கொடுக்கச் சொல்கிறேனா? அதுவும் இல்லை. 1975 ஜூலை 1 காலையில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலி, ஜோ பக்னரோடு 15 சுற்று ஆடிப் புள்ளியில் ஜெயித்தார். மூன்றே மாதத்தில் மணிலாவில் ஃபிரேஸியரோடு 14 சுற்று. 1977இல் போதும் என்று எழுதிக் கொடுத்த அலியின் டாக்டர், யாரும் கேட்காததால் விலகிக்கொண்டார். 1980இலும் 81இலும் தோற்ற பிறகுதான் அலி நிறுத்தினார். 1984இல் பார்க்கின்சன் என்று தெரிந்தது. பால் வெட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாகத்தான் மூடும், அடுத்த முறை அங்கே கோடு போட முடியாது. பக்கியாவும் 2025இல், 46 வயதில், திரும்பி வந்து மாரியோ பாரியோஸோடு சமன் செய்தார். அத்தோடு அவர் கணக்கு 62 வெற்றி, 8 தோல்வி, 3 சமன். எனக்கு அந்த மூன்றாவது சமன் வேண்டாத வேலையாகப் பட்டது.

ஆகவே நீங்கள் பையனிடம் விசாரிக்க வேண்டியது வேறு. தலையில் எத்தனை அடி வாங்கினாய், அன்றிரவு தலை வலித்ததா, வாந்தி வந்ததா, கண் மங்கியதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், டாக்டர் சொல்லும்வரை அலமாரி பூட்டியே இருக்கட்டும். இல்லை என்றால் இரண்டாவது கேள்வி: எந்தச் சுற்றில் புள்ளி போனது, ஏன்? இதற்கு அவன் பயிற்சியாளரைக் கேட்காமலே பதில் சொன்னால் அவனுக்கு ஆட்டம் புரிகிறது. புத்தகத்தை எடுக்கச் சொன்னது நல்ல புத்திமதிதான், அதைத் தோல்விக்குத் தண்டனையாகச் சொன்னதுதான் பிசகு. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதுகிற கைக்கும் கையுறை பொருந்தும்.

சாவியை இன்றே அவனிடம் கொடுங்கள். வியர்வை காயாத கையுறையைப் பூட்டி வைத்தால், நம்மூர் ஈரத்துக்கு ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.