வகுப்பறைக்குப் புகை அடிக்க வேண்டுமா?

வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவரின் கேள்வி: "போன மாதம் சில பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றோட்டம். ஒரு நிறுவனம் மாதம் ஒருமுறை மருந்துப் புகை அடித்து, 'கிருமியற்ற இடம்' என்று சான்றிதழும் தருவதாகச் சொல்கிறது. ஒரு வருடக் காசை முன்கூட்டியே கேட்கிறார்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையும் வகுப்பில் இருக்கிறது. அடிக்கலாமா?"

வேண்டாம், காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

கிருமிநாசினி வேலை செய்ய, மேசை முதலில் கழுவித் துடைத்திருக்க வேண்டும். பிறகு மருந்து சில நிமிடங்களாவது ஈரமாக நிற்க வேண்டும். புகையில் இரண்டுமே நடப்பதில்லை. மேசையின் அடிப்பக்கத்துக்கும் கதவுப் பிடியின் உட்பக்கத்துக்கும் அது ஒழுங்காகப் போய்ச் சேருவதுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே, கொரோனாவுக்கென்று அறைகளுக்குள் வழக்கமாக மருந்து தெளிப்பதையோ புகை அடிப்பதையோ பரிந்துரைக்கவில்லை என்றது. ஆட்கள் மேல் தெளிப்பது எந்த நிலையிலும் கூடாது என்றது. அதே வருடம் நம் தெருக்களில் லொறி லொறியாகப் பீய்ச்சினோம். படத்துக்கு அழகாக இருந்தது, அவ்வளவுதான். டெங்குப் புகையைப் பார்த்துப் பழகியதும் ஒரு காரணம். அது பறக்கும் நுளம்புக்கான பூச்சிமருந்து; கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆஸ்துமாப் பிள்ளைக்கு இந்த மருந்துகளின் ஆவியே இழுப்பைக் கிளப்பிவிடலாம். "மூலிகை, பக்கவிளைவு இல்லை" என்பார்கள். மருந்தின் பெயர் என்ன, எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். சான்றிதழோ வெறும் கடதாசி. அடுத்த பிள்ளை மூக்கைத் துடைத்த கையை மேசையில் வைத்ததும் அது காலாவதி. ஆனாலும் சான்றிதழைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். மலசலகூடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா என்று யார் கேட்கிறார்கள்?

அன்றாடத்துக்கு, சவர்க்காரத் தண்ணீரில் மேசையையும் கதவுப் பிடியையும் துடைத்து, யன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

வாந்தி வேறு கதை. இங்கே மருந்து கட்டாயம், ஆனால் கையால். முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டு, வாந்தியைக் கடதாசியால் மூடி ஒற்றி எடுத்து, பையில் கட்டிப் போடுங்கள். இடத்தைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். 5 சதவீதம் என்று லேபிளில் போட்ட பிளீச் என்றால், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். சுற்றியுள்ள கதிரைக் கால்களையும் விடவேண்டாம், சிதறல் நினைப்பதைவிடத் தூரம் போயிருக்கும். கலவையை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நேற்றைய மிச்சம் வீரியம் குறைந்தது. மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு பிளீச்சைக் கலந்தால் குளோரின் வாயு வரும், அந்தச் சின்ன அறையில் மூச்சு முட்டிவிடும். ஹேண்ட் சானிடைசரை நம்பவேண்டாம். வாந்தி பரப்பும் நோரோ வைரஸை அது சரியாகக் கொல்லாது. குழாய்த் தண்ணீரும் சவர்க்காரமும்தான்.

நோய்ப்பட்ட பிள்ளை வாந்தியும் வயிற்றோட்டமும் நின்று இரண்டு நாள் கழித்து வரட்டும். இதைப் பெற்றோருக்கு எழுதி அனுப்புங்கள். பல பிள்ளைகள் ஒரே நேரத்தில் நோயில் விழுந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். அவர் வந்து பார்க்கக் காசு கேட்கமாட்டார்.