நோட்டரி எம்பாஸ் சீலில் ஓர எழுத்து ஏன் மழுங்குகிறது?

கும்பகோணத்தில் புதிதாகச் செய்த எம்பாஸ் சீலில், அதாவது தாளை இரண்டு அச்சுகளுக்கு நடுவே அழுத்தி எழுத்தைப் புடைக்கவைக்கும் முத்திரையில், நடு எழுத்து நன்றாக விழுகிறது, ஓரம் மழுங்குகிறது, சில இடத்தில் தாளே கிழிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது இரண்டு அச்சும் பொருந்தாத கோளாறுதான்.

மேல் அச்சில், பெரும்பாலும் பித்தளையில், எழுத்து குழியாக, இடவலம் மாறி வெட்டப்பட்டிருக்கும். கீழ் அச்சில் அதே எழுத்து மேடாக, நேராக நிற்கும். மேடு தாளைக் குழிக்குள் தள்ளுவதால்தான் எழுத்து புடைக்கிறது. இரண்டும் துளி இடைவெளியின்றிப் பொருந்தினால் தாளுக்கு இடமே இல்லை. எழுத்தோரம் கத்திபோல் வெட்டும். தாளின் தடிமன் அளவு, சுமார் 0.1 மில்லிமீட்டர், விட்டுத்தான் கீழ் அச்சைச் செய்ய வேண்டும்.

அடுத்தது அழுத்தம். 1956 நோட்டரி விதிகள்படி முத்திரை வட்டம், விட்டம் 5 சென்டிமீட்டர். அவ்வளவு பரப்புக்குக் கையடக்கக் கருவி திணறும். நீளக் கைப்பிடியுள்ள மேசைக் கருவியே சரி.

கோளாறு எதுவென்று பார்க்க, வெள்ளைத்தாளில் அழுத்தி, புடைப்பின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேயுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் அச்சு சாய்ந்திருக்கிறது. சுற்றிலும் மங்கினால் அழுத்தம் போதவில்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னொரு தொல்லை: பத்திரத்தாள் ஈரம் கோத்திருக்கும். புடைப்பு அழகாக எழும், ஆனால் கட்டோடு அடுக்கினால் மறுநாளே தட்டையாகிவிடும். முத்திரையிட்டதும் பாரம் ஏற்றாமல் தனியே ஆறவிடுங்கள்.