மூச்சுக் கோளாறும் இயலாமை ஓய்வூதியமும்: முன்னாள் படைவீரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தரைப்படையின் ஆவண அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆஸ்துமா போன்ற கோளாறுகளோடு ஊர் திரும்பிய தோழர்களும் அவர்களுடைய வீட்டாரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, 17 ஆண்டுகள் பணியாற்றி 2007-இல் நாயக் என்ற பதவியில் ஓய்வு பெற்றேன். லடாக் பனிமலையில் இரண்டு ஆண்டுகள் இருந்த பிறகுதான் ஆஸ்துமா வந்தது. ஓய்வு பெறும்போது என்னைச் சோதித்த மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டு 30 சதவீத இயலாமை என்று குறித்தாலும், நோய் பணியால் உண்டானதுமன்று, பணியால் தீவிரமானதுமன்று என்று எழுதிவிட்டது. விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. இனி வழியுண்டா?

பதில்: உண்டு. இயலாமை ஓய்வூதியத்துக்கு, அதாவது நம்மவர் சொல்லும் டிசபிலிட்டி பென்ஷனுக்கு, இயலாமை 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அத்துடன் நோய் பணியால் உண்டாகியிருக்க வேண்டும் அல்லது பணியால் தீவிரமாகியிருக்க வேண்டும். இந்த 'அல்லது' என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. ஆஸ்துமா பணியால்தான் பிறந்தது என்று நிறுவுவது கடினம். ஆனால் உறைபனிக் காற்றும், மூடிய பதுங்கு அறையில் இரவெல்லாம் எரியும் மண்ணெண்ணெய் புகாரி அடுப்பின் கரியும் இருந்த நோயைத் தீவிரமாக்கின என்று காட்டினாலே போதும்.

தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு உங்களுக்குப் பெரிய துணை. ஒருவர் படையில் சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று நிறுவும் பொறுப்பு அரசுடையது. போர்டு தன் முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும். 'உடல்வாகினால் வந்த நோய்' என்ற ஒற்றை வரியைக் காரணம் என்று நான் ஏற்க மாட்டேன். அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு எத்தனையோ பேர் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள் என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

முதலில் உங்கள் மெடிக்கல் போர்டு நடவடிக்கைத் தாள்களின் நகலை ஆவண அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். அதன் பிறகு, காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்து, சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஓய்வூதியம் மாதந்தோறும் மறுக்கப்படுவதால் தாமதம் மட்டுமே உரிமையை அழித்துவிடாது. ஆனால் தர்செம் சிங் வழக்கின் 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, நிலுவைத் தொகை பொதுவாக மனு செய்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். ஆகவே இன்னும் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு இழப்பு.

கேள்வி: 30 சதவீதம் என்றால் கையில் எவ்வளவு வரும்?

பதில்: 100 சதவீத இயலாமைக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் தருவது கணக்கு. கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்றால் அது 12,000. உங்கள் 30 சதவீத இயலாமைக்கு அந்த 12,000-இல் 30 சதவீதம், அதாவது 3,600. ஆனால் 50-க்குக் கீழுள்ள இயலாமையை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை உண்டு. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கும் இது பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்படியானால் உங்கள் 30 சதவீதம் 50 ஆகி, 6,000 ரூபாய் வரும். மனுவிலேயே இதையும் கேளுங்கள்.

கேள்வி: எனக்குப் பீடிப் பழக்கம் இருந்தது. அதைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள்.

பதில்: இது கடினமான வழக்கு என்பதை மறைக்க மாட்டேன். புகைப்பழக்கத்தை இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பழைய மருத்துவக் குறிப்பில் இருந்தால் மற்ற உண்மைகளும் நம்பப்படாமல் போகும். மூச்சுக் குழாயை விரிக்கும் மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சு அளவுச் சோதனையின் அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துக்குப் பின் அளவு நன்றாக உயர்ந்திருந்தால் அது ஆஸ்துமாவைச் சுட்டும். புகையிலையால் வரும் நாட்பட்ட அடைப்பு நோயில் பொதுவாக அவ்வளவு மீட்சி இருப்பதில்லை. இதை நுரையீரல் மருத்துவரிடம் எழுதி வாங்கி இணையுங்கள்.

கேள்வி: அண்ணா, என் கணவர் இப்போது மலைப்பகுதியில் பணியில் இருக்கிறார். இழுப்பு வருகிறது. உடல்தகுதிக்கு அளிக்கும் மருத்துவத் தரம் குறைந்தால் பதவி உயர்வு போய்விடும் என்று, வெளியில் இன்ஹேலர் வாங்கி ஒளித்துப் பயன்படுத்துகிறார்.

பதில்: தங்கையே, அவருடைய அச்சம் பொய்யானதன்று, தரக் குறைவு பதவி உயர்வையும் பணி நீட்டிப்பையும் பாதிக்கக்கூடும். ஆனாலும் அவர் உடனே யூனிட் மருத்துவரிடம் போக வேண்டும். அந்த உயரத்தில் மூச்சுத் திணறல் வந்தால் அது ஆஸ்துமா மட்டும்தானா, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்பதை இன்ஹேலரை வைத்துக்கொண்டு அவரே முடிவு செய்ய இயலாது. நீர் கோப்பு சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும். பதிவேட்டில் ஏறாத நோய்க்குப் பின்னாளில் உரிமை கோருவதும் மிகக் கடினம். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் தேதி, இடம், அங்குள்ள உயரம், அடுப்புப் புகை ஆகியவற்றைச் சொல்லி எழுதச் செய்யட்டும். கிடைக்கும் சீட்டுகளின் நகலை உங்களுக்கு அனுப்பட்டும், நீங்கள் வீட்டில் வரிசைப்படி வைத்திருங்கள். 2023 செப்டம்பர் 21 முதல் இயலாமை ஓய்வூதியத்துக்குப் புதிய விதிகள் நடைமுறையில் இருப்பதால், அவர் ஓய்வு பெறும்போது மேலே சொன்ன பழைய கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அன்றைய விதியைக் கேட்டறியுங்கள். முதலில் இன்று இரவே அவரிடம் தொலைபேசியில் பேசுங்கள்.