பிரின்ஸ் எட்வர்ட் தீவுல படிச்சவங்களுக்கு வேலை கிடைக்குமா? அங்க இருக்கிறவங்க அதிகம் படிக்காதவங்கன்னு சொல்றாங்களே?

கேள்வியோட விவரத்துல நீங்க எழுதியிருக்கீங்க, "நானும் மனைவியும் மாஸ்டர்ஸ் முடிச்சிருக்கோம், கனடாவுல அந்தத் தீவு மாகாணத்துக்குப் போகலாம்னு யோசனை, ஆனா அங்க கிராமத்து ஜனங்க பத்தாவது தாண்டாதவங்க, வருஷத்துல பாதி நாள் சும்மா உட்கார்ந்து அரசாங்கக் காசு வாங்குறவங்கன்னு கேள்விப்பட்டோம்"னு. இந்தத் தளத்துல நான் பெருசா எழுதுறவ இல்ல. ஆனா அந்தக் கடைசி வரியைப் படிச்சிட்டு சும்மா போக மனசு வரல.

உங்களுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும்னு நினைக்கிறேன். டொரன்டோ வாடகையைக் கேட்டு மலைச்சுப் போயிருப்பீங்க, தீவுக்குப் போனா பிஆர், அதாவது நிரந்தரமா தங்குற உரிமை, சீக்கிரம் வரும்னு ஒரு ஏஜென்ட் சொல்லியிருப்பார். எங்களுக்கும் அதைத்தான் சொன்னாங்க. நான் கணக்குல எம்எஸ்சி, பிஎட். ஊர்ல ஆறு வருஷம் ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தவ. வந்து இறங்கின முதல் வருஷம் நான் பார்த்தது லாப்ஸ்டர் ப்ளான்ட் வேலை, அதாவது லாப்ஸ்டரை வேகவச்சுக் கறி எடுக்கிற ஃபேக்டரில. கம்பெனி பேர் வேண்டாம், தீவோட கிழக்குப் பக்கம் கிங்ஸ் கவுண்டியில இருக்குன்னு மட்டும் சொல்றேன்.

அங்கதான் அந்த ஊர் அம்மா ஒருத்தரைப் பார்த்தேன். அறுபத்து மூணு வயசு. ஒன்பதாவதோட படிப்பை நிறுத்தினவங்க. நம்ம சிங்கி இறாலுக்குக் கொடுக்கு கிடையாது, இங்கத்து லாப்ஸ்டருக்கு ரெண்டு பெரிய கொடுக்கு இருக்கும். வெந்து சிவந்து பெல்ட்ல வரும், வாலை ஒரு திருகு திருகி எடுக்கணும், கொடுக்கை உடைக்கணும், கொடுக்குக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கிற முட்டிக் கறியை நக்கிள்னு சொல்வாங்க, அதை நாரு நாரா பிய்யாம முழுசா எடுக்கணும். நான் ஒண்ணு எடுக்கிற நேரத்துல அவங்க நாலு எடுப்பாங்க, கண்ணு அதுல இருக்காது, பேசிக்கிட்டே இருப்பாங்க. ஈரத் தரை, ரப்பர் பூட்ஸ், பத்து மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை. ராத்திரி என் கட்டைவிரல் வெடிச்சு எரியும், அவங்கதான் ஒரு களிம்பு கொண்டு வந்து கொடுத்து உள்ள காட்டன் கையுறை போட்டுக்கச் சொன்னாங்க. என்னை எப்பவும் "டியர்"னுதான் கூப்பிடுவாங்க. ஆமாம்னு சொல்றதை மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே சொல்வாங்க, "யெப்"னு, முதல்ல ஏதோ பயந்துட்டாங்கன்னு நினைச்சேன், அப்புறம் பார்த்தா தீவுல பழைய ஆளுங்க நிறையப் பேர் அப்படித்தான் சொல்றாங்க.

உண்மையைச் சொல்லணும்னா அப்ப எனக்கு அவங்க மேல மரியாதை இருந்துச்சு, ஆனா படிக்காதவங்க பாவம்ங்கிற எண்ணமும் கூடவே இருந்துச்சு. அதை நினைச்சா இன்னைக்கும் வருத்தமா இருக்கு.

2023 மே கடைசியில சேர்ந்தேன், ஆகஸ்ட்ல எங்க லைன் நின்னுச்சு. வேலை நின்னா கம்பெனி ஒரு ரெக்கார்ட் கொடுக்கும், ஆர்ஓஇ, எத்தனை மணி நேரம் வேலை செஞ்சோம்னு அதுல இருக்கும். அதை வச்சுத்தான் இஐ, அதாவது வேலையில்லாக் காலத்துக்கான இன்சூரன்ஸ். நீங்க எந்தப் பகுதியில இருக்கீங்க, அங்க வேலையின்மை எவ்வளவுங்கிறதைப் பொறுத்து 420ல இருந்து 700 மணி நேரம் வரைக்கும் கேட்பாங்க. எனக்கு வந்த ரெக்கார்டை அப்படியே ஃபைல்ல வச்சுட்டேன். அந்தம்மா ஒரு நாள் வீட்டுக்கு டீக்குக் கூப்பிட்டாங்க. சமையலறை அலமாரிக் கதவைத் திறந்தா உள்பக்கம் ஒரு காலண்டர், ஒவ்வொரு நாள் கட்டத்துலயும் பென்சில்ல 10, 11, 9½னு எழுதி வாரக் கடைசியில கூட்டி வட்டம் போட்டிருந்தாங்க. "உன் ரெக்கார்ட்ல எவ்வளவு போட்டிருக்கு டியர்?"னு கேட்டாங்க. சொன்னேன். அவங்க விரலை வச்சுக்கிட்டு வாரம் வாரமா இறங்கி வந்தாங்க, ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட், நான் லீவு போட்ட ரெண்டு நாளைக் கூட ஞாபகம் வச்சுக் கழிச்சாங்க, பேப்பர் இல்ல, கால்குலேட்டர் இல்ல. "41 மணி நேரம் குறையுது. ஜூன் ரெண்டு வாரத்து ஓவர்டைம் சேர்க்கல"ன்னாங்க.

அந்த 41 இல்லன்னா எனக்குத் தகுதியே வந்திருக்காது. பே ஸ்டப், அதாவது சம்பளச் சீட்டு, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஆபீஸுக்குப் போய் நின்னோம், அவங்களும் கூட வந்தாங்க, ரெண்டு வாரத்துல திருத்தின ரெக்கார்ட் வந்துச்சு. கணக்கு டீச்சர் நான். அவங்க ஒன்பதாவது.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். வயசானவங்கள்ல பள்ளிக்கூடத்தை முடிக்காதவங்க நிறையப் பேர் இருக்காங்க, அதை மறுக்கல. ஆனா ஏன்னு யோசிங்க. போன நூற்றாண்டு நடுவுல இந்தச் சின்னத் தீவுல 400க்கும் மேல ஒரே அறை பள்ளிக்கூடங்கள் இருந்துச்சு, ஒரே டீச்சர் எல்லா வகுப்பையும் பார்ப்பாங்க. உருளைக்கிழங்கு தோண்டுற சமயத்துல பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுவாங்க. அப்பாவுக்குப் படகு இருந்தா பையன் படகுல ஏறுவான், பொண்ணு ப்ளான்ட்டுக்குப் போகும். மேல படிச்ச பையன் தீவுல இருக்க மாட்டான், ஹாலிஃபாக்ஸ், டொரன்டோ, அல்பர்ட்டா எண்ணெய் வயல்னு போயிடுவான். அப்ப கணக்கெடுக்கிறவன் வந்து பார்த்தா ஊர்ல மிச்சம் இருக்கிறவங்க படிப்பு குறைச்சலாத்தானே தெரியும்? படிக்க வச்சதும் இந்த ஊர்தான், அனுப்பி வச்சதும் இந்த ஊர்தான், அந்த எண்ணிக்கை வேற மாகாணத்துக் கணக்குல போய் ஏறிடுது.

வேலையும் அப்படித்தான். லாப்ஸ்டர் வசந்த கால சீசன் ஏப்ரல் கடைசி இல்ல மே தொடக்கத்துல ஆரம்பிச்சு ரெண்டு மாசம். ஜூலை ஆகஸ்ட் டூரிஸ்ட். செப்டம்பர் அக்டோபர் உருளைக்கிழங்கு. நவம்பர்ல கிறிஸ்துமஸ் மாலை கட்டுற வேலை. அப்புறம் பனி. அந்தம்மா இதுல எல்லாத்துலயும் இருந்திருக்காங்க, குளிர்காலத்துல கிழங்கு தரம் பிரிக்கிற கிடங்குலயும் நின்னிருக்காங்க. 2021 நவம்பர்ல கிழங்குல ஒரு நோய்னு அமெரிக்காவுக்கு ஏற்றுமதியை நிறுத்தினப்ப அந்த வேலையும் கைவிட்டுப் போச்சாம். கடல் உறைஞ்சு கிடக்கும்போது யாரும் பிஎச்டி வாங்கினாலும் லாப்ஸ்டர் பிடிக்க முடியாது. இதைச் சும்மா உட்கார்ந்து இருக்கிறதுன்னு எப்படிச் சொல்றது?

அரசாங்கக் காசுன்னு வேற எழுதியிருக்கீங்க. 1990க்கு அப்புறம் அந்த இஐ நிதியில மத்திய அரசு பங்கு போடறதில்ல. தொழிலாளி சம்பளத்துல பிடிக்கிறாங்க, முதலாளி அதைப் போல 1.4 மடங்கு கட்டுறார். வர்றதும் சம்பளத்துல 55 சதவீதம்தான், அதுக்கும் உச்சவரம்பு உண்டு. பழைய ஆளுங்க இன்னும் இதை "ஸ்டாம்ப்"னு சொல்வாங்க, ஒரு காலத்துல நிஜமாவே புத்தகத்துல ஸ்டாம்ப் ஒட்டுவாங்களாம். யாராவது வந்து சோம்பேறிங்களுக்கு வக்காலத்து வாங்குறன்னு கமெண்ட் போடுவீங்க, தெரியும். ஏமாத்துறவன் இல்லவே இல்லன்னு நான் சொல்லல. எந்த ஊர்ல இல்ல?

இன்னொண்ணும் சொல்லிடறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லதான். டொரன்டோவுல ஸ்கார்பரோ பக்கம் இருக்கிற எங்க சொந்தக்காரங்க வருஷா வருஷம் கேக்கிறது, "இன்னும் அந்த மீன் கம்பெனி ஊர்லதான் இருக்கீங்களா"ன்னு. ஒரு தடவை அவங்க வீட்டு விசேஷத்துக்கு லாப்ஸ்டர் கறியை ஐஸ் பெட்டியில வச்சு 1,600 கிலோமீட்டர் காரோட்டிப் போனோம். தீவை வெளியோட இணைக்கிற பாலத்துல உள்ள வர காசு கிடையாது, வெளிய போகும்போதுதான் டோல், 2025 ஆகஸ்ட்ல 20 டாலருக்கு இறக்கிட்டாங்க, அப்ப 50 பக்கம் கட்டினோம். அங்க போனா வீச்சம் அடிக்குதுன்னு பெட்டியைக் கராஜ்லயே வைக்கச் சொல்லிட்டாங்க. யாரும் தொடல. அது யாரோட கையால உரிச்சதுன்னு எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. என் கணவர் விட்டுடுன்னு சொல்றார், என்னால இன்னும் விட முடியல.

சரி, படிச்சவங்களுக்கு வேலை. இருக்கு, ஆனா கிராமத்துல இல்ல, பெரும்பாலும் தீவோட ரெண்டு நகரமான சார்லட்டவுன், சம்மர்சைடுல. முன்னாள் ராணுவத்தினருக்கான மத்திய அரசுத் துறையோட தலைமையகம் சார்லட்டவுன்லதான் இருக்கு, சம்மர்சைடுல வருமான வரி மையம் இருக்கு. அப்புறம் யூனிவர்சிட்டி, ஹாலண்ட் காலேஜ், மருந்து சம்பந்தப்பட்ட கம்பெனிங்க. 2021 கணக்குப்படி மொத்த மாகாணமே 1,54,331 பேர்தான், அதனால ஒரு போஸ்ட் காலியாச்சுன்னா அது யாருக்குன்னு பாதி ஊருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். "உங்க அப்பா யாரு?"ன்னு கேக்கிறது இங்க சாதாரணம். நம்ம கிராமத்துல யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேக்கிறதுதான். நமக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இல்ல, நம்மளை "கம் ஃப்ரம் அவே", அதாவது வெளியில இருந்து வந்தவங்கன்னு சொல்வாங்க, முப்பது வருஷம் இருந்தாலும் அதே பேர்தான். அது வலிக்கும், மறைக்க மாட்டேன்.

பிஆர் விஷயத்துல ஏஜென்ட் பேச்சை நம்பாதீங்க. 2024 பிப்ரவரில மாகாண அரசு நாமினேஷனை, அதாவது பிஆருக்கு அவங்க பரிந்துரைக்கிற ஆட்களோட எண்ணிக்கையை, கால்வாசி குறைச்சு, ஹெல்த், கட்டுமானம், குழந்தைப் பராமரிப்புக்குத்தான் முன்னுரிமைன்னு சொல்லிடுச்சு. கடையிலயும் ஹோட்டல்லயும் வேலை பார்த்த நம்ம ஊர் பசங்க மே மாசம் சார்லட்டவுன்ல உண்ணாவிரதமே இருந்தாங்க. அதுல டிகிரி வச்சிருந்தவங்களும் உண்டு.

நான் இப்ப பள்ளிப் படிப்பை முடிக்காத பெரியவங்களுக்கு சாயங்காலம் கணக்கு எடுக்கிறேன். படகுல இருந்து நேரா வருவாங்க, கையில இரைமீன் வாசனை போயிருக்காது. டீசல் எவ்வளவு, இரை எவ்வளவு, பவுண்டு என்ன விலைக்குப் போனா கட்டும்னு கேட்டா பட்டுனு சொல்வாங்க, அதையே x, yன்னு எழுதினா பேனாவைக் கீழ வச்சிடுவாங்க. அதனால நான் முதல் மாசம் x எழுதறதே இல்ல. அந்தம்மாவையும் கூப்பிட்டேன், வரல, "எனக்கெதுக்கு டியர், என் பேத்தியை அனுப்புறேன்"ன்னாங்க. பேத்தி வருது.

நீங்க வர்றதா இருந்தா உங்க ரெண்டு பேரோட தொழிலுக்கும் இங்க லைசென்ஸ் வேணுமான்னு ஊர்ல இருக்கும்போதே பாருங்க, நான் பாக்காம வந்துதான் ரெண்டு வருஷம் போச்சு. ரெண்டு பேரும் கார் ஓட்டக் கத்துக்கிட்டு வாங்க, கிராமத்துப் பக்கம் வீடு எடுத்தா பஸ் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவைதான். முதல் வேலை ப்ளான்ட்லதான்னா சேருங்க, ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க. முதல் நாள்ல இருந்தே மணி நேரத்தை எழுதி வையுங்க, பென்சில் போதும்.