கியூஎமுவில் ஓடுகிறது, போர்டில் தொங்குகிறது

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டுக்காக 64-பிட் ஆர்முக்கு ஒரு குட்டி கெர்னல் எழுதினோம். இன்டெல் லேப்டாப்பில், கியூஎமுவில் (வேறு கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) நான்கு கோரோடு இரவெல்லாம் ஓடவிட்டாலும் பிரச்சினை இல்லை. ராஸ்பெர்ரி பை 4-இல் முதல் ஸ்பின்லாக்கிலேயே (கிடைக்கும்வரை லூப்பில் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) தொங்குகிறது. போர்டு பழுதா? (கோடு இணைத்துள்ளோம்.)
- வாசகர், திருச்சி

போர்டு மேல் பழி போடாதீர்கள். உங்கள் லாக் எல்டிஎக்ஸ்ஆர் (படிக்கும்), எஸ்டிஎக்ஸ்ஆர் (இடையில் வேறு யாரும் தொடாவிட்டால் மட்டும் எழுதும்) கட்டளைகளை நம்பி இருக்கிறது. ஆனால் எம்எம்யூவை (மெமரி முகவரிகளை மாற்றித்தரும் வன்பொருள்) ஆன் செய்வதற்கு முன்பே அதைக் கூப்பிடுகிறீர்கள். எம்எம்யூ அணைந்திருக்கும்போது பை 4-இன் கோர்டெக்ஸ்-ஏ72 கோர் எல்லா டேட்டாவையும் டிவைஸ் மெமரியாகத்தான் (கேஷில் வைக்காத, வன்பொருள் சாதனங்களுக்கான வகை) பார்க்கும். அங்கே இந்த ஜோடி வேலை செய்யும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. எஸ்டிஎக்ஸ்ஆர் தோற்றுக்கொண்டே இருக்கும், லூப் முடியவே முடியாது. கியூஎமு மெமரி வகை, கேஷ் பற்றியெல்லாம் கவலைப்படுவதில்லை, பாஸ் போட்டு அனுப்பிவிடும். முதலில் பேஜ் டேபிள் (முகவரிகளையும் மெமரி வகையையும் எம்எம்யூவுக்குச் சொல்லும் அட்டவணை), எம்எம்யூ, கேஷ், அப்புறம் லாக். அதுவரை ஒரே கோர் மட்டும் ஓடட்டும்.

இதைச் சரிசெய்ததும் அடுத்த பூதம் கிளம்பும். ஒரு கோர் டேட்டாவை எழுதிவிட்டு ஃபிளாகை 1 ஆக்குகிறது. இன்னொன்று ஃபிளாகைப் பார்த்து டேட்டாவைப் படிக்கிறது. ஃபிளாக் புதிதாகவும் டேட்டா பழையதாகவும் தெரிய ஆர்மில் அனுமதி உண்டு. இன்டெல்லில் எழுதிய வரிசையிலேயேதான் மற்ற கோர்களுக்குத் தெரியும். கியூஎமு உங்கள் ஆர்ம் கட்டளைகளை இன்டெல் கட்டளைகளாக மாற்றி ஓட்டுவதால், அந்த ஒழுங்கும் இலவசமாக ஒட்டிக்கொள்கிறது. வருடக்கணக்கில் ஓட்டினாலும் இந்தப் பிழை அங்கே தலைகாட்டாது! ஃபிளாகை எஸ்டிஎல்ஆர் (முன்னால் எழுதியவை தெரிந்த பிறகே தெரியும்படி எழுதும் கட்டளை) கொண்டு எழுதி, எல்டிஏஆர் (பின்னால் படிப்பவை தன்னை முந்தாதபடி படிக்கும் கட்டளை) கொண்டு படியுங்கள்.

சோதிக்க, அதே பை-யில் லினக்ஸ் போட்டு, கியூஎமுவை கேவிஎம்முடன் (கட்டளைகளை மாற்றாமல் நேரடியாக ஓட்டவிடும் லினக்ஸ் வசதி) ஓட்டுங்கள். கட்டளைகள் நிஜ கோரிலேயே ஓடும். அப்போதும் பிழை வெளிப்படுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதனால் டேட்டா, ஃபிளாக் இரண்டையும் எழுதிப் படிக்கும் அந்த நான்கு வரியை ஒரு லிட்மஸ் டெஸ்டாக (மெமரி வரிசையைச் சோதிக்கும் குட்டி நிரல்) எழுதி, மெமரி விதிகளை அலசும் ஹெர்ட்7 என்ற மென்பொருளுக்குக் கொடுங்கள். ஆர்ம் விதிப்படி வரக்கூடிய விடைகளை எல்லாம் அது பட்டியல் போட்டுவிடும். என்னைக் கேட்டால், இரவெல்லாம் ஓட்டுவதைவிட இதுதான் மேல்.

இன்னொன்று: பிஎஸ்எஸ் பகுதியை (தொடக்க மதிப்பு தராத குளோபல் மாறிகள் இருக்கும் இடம்) நீங்கள் பூஜ்ஜியமாக்கவே இல்லை. கியூஎமுவின் ராம் பூஜ்ஜியமாகவே தொடங்கும். நிஜ ராமில் என்ன குப்பை கிடக்குமோ!

கேள்வி: பிக் எண்டியன் (எண்ணின் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும்) கணினியே கண்ணில் படாத காலத்தில் அதற்கும் டெஸ்ட் வேண்டுமா?
- வாசகி, மதுரை

வேண்டும். ஐபிஎம் மெயின்பிரேமின் எஸ்390எக்ஸ் ஆர்கிடெக்சர் இன்றும் பிக் எண்டியன்தான், லினக்ஸ் அதில் ஓடுகிறது. மேலே கியூஎமுவைத் திட்டினேன் அல்லவா, இந்த வேலைக்கு அதைவிட மலிவான கருவி இல்லை. பைட் வரிசைப் பிழைக்கு நேரம் காலம் கிடையாது. அந்த வரியை டெஸ்ட் தொட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே தப்பான விடைதான் வரும். லினக்ஸ் கெர்னல் கோடு என்றால் கேயூனிட் (கெர்னலின் யூனிட் டெஸ்ட் கருவி) ஸ்கிரிப்ட்டில் ஆர்கிடெக்சரை எஸ்390 என்று சொல்லி, கிராஸ் கம்பைலரையும் (வேறு வகைக் கணினிக்கான கோடை உருவாக்கும் கம்பைலர்) காட்டுங்கள். பில்ட், கியூஎமுவில் பூட், டெஸ்ட் மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.