ஒர்வியேத்தோ: வண்டி கீழே, நீங்கள் மேலே

7 மீட்டர் மோட்டார்ஹோமை (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) இத்தாலிய மலையூரான ஒர்வியேத்தோவில் கதீட்ரல் பக்கத்திலேயே நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. ஜிபிஎஸ் சொல்கிறதே என்று சந்துக்குள் திருப்பிவிடாதீர்கள்.

இத்தாலிய மலையூர்களின் பழைய பகுதிக்குள் வெளி வண்டிகளுக்குப் பெரும்பாலும் தடைதான். வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, அதுதான் பலகை. கூடவே மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று எரிந்தால் கேமரா வேலை செய்கிறது, நுழையக்கூடாது என்று அர்த்தம். வழி திறந்திருக்கிறது போல என்று நினைத்து நுழைந்தவன் நான்! மாதங்கள் கழித்து அபராதம் வீடு தேடி வந்தது. வண்டியை வாடகைக்கு விட்டவர்கள் அதற்குத் தனிக் கட்டணம் வேறு பிடித்தார்கள்.

ஒர்வியேத்தோவில் மலையடிவார ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் மோட்டார்ஹோம் நிறுத்துமிடம் இருக்கிறது. வண்டியை அங்கே விட்டுவிட்டு, நிலையத்துக்கு எதிரே கம்பிவட ரயிலில் ஏறினால் சில நிமிடத்தில் மேலே பியாஸ்ஸா காஹென் சதுக்கம். அங்கிருந்து கதீட்ரலுக்கு நடந்தே போகலாம், சின்ன பஸ்ஸும் உண்டு.

அப்புறம், சாதாரண பார்க்கிங்கில் இரவு தங்க நேர்ந்தால் வெயில்மறைப்பை விரிக்காதீர்கள், நாற்காலியை வெளியே போடாதீர்கள், கழிவுநீரைத் திறக்காதீர்கள். சக்கரத்தில் மட்டும் நின்றால்தான் அது பார்க்கிங். இல்லையென்றால் சட்டப்படி முகாம்.